சந்தனம் பூசிய மீட்டர்

ஈரத் துண்டில் சுற்றிய ஒரு முழ நீளக் குழாயை அக்கா என் கம்ப்யூட்டர் மேஜைமேல் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலே கடிகாரம் போல ஒரு முள், கீழே சுண்ணாம்புக் கட்டி நிறத்தில் ஒரு முனை. அந்த முனை முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தது. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் மேற்குத் தாம்பரத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். வருகிறவர்கள் பரீட்சை முடிவு பார்ப்பார்கள், ஜாதகம் பார்ப்பார்கள். கால் மண்ணோடு வந்த ஒரே வாடிக்கையாளர் இந்த அக்காதான்.

பீர்க்கன்கரணை ஏரிக்கு அப்பால் ஒரு ஏக்கரில் வெண்டை போட்டிருந்தார். சுற்றியிருந்த வயலெல்லாம் வீட்டு மனையாகிக் கல் நட்டாயிற்று. ஆட்டோ ஓட்டிய அவர் கணவருக்கும் விற்றுவிடத்தான் ஆசை. "இந்த ஒரு வெள்ளாமை பாரு. இது தவறுனா நானே கையெழுத்துப் போட்றேன்" என்று அக்கா அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கிணற்றிலோ பாதி நிலத்துக்குத்தான் தண்ணீர். அதனால்தான் என் கடைக்கு வந்து, சொட்டுநீர்ப் பாசனம் பற்றி இணையத்தில் இருந்ததையெல்லாம் என்னைப் படித்துக்காட்டச் சொல்லி, ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு மெயில் போட்டு, இந்த மீட்டரைச் சோதனைக்கு வாங்கினார். வேரடியில் புதைத்துவிட்டால் மண்ணில் ஈரம் எவ்வளவு என்று முள் காட்டும். முள் சிவப்புக்குப் போனால்தான் தண்ணீர் திறக்க வேண்டும், செடியைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் திறக்கக் கூடாது என்று அந்த நிலையத்து அதிகாரி சொல்லியிருந்தார். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. மண்வெட்டி, அரிவாள், பம்பு செட் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டன. உழைக்கிற மீட்டரை மட்டும் விட மனம் வருமா? பிடுங்கிக் கழுவி, எண்ணெய் தடவித் துடைத்து, அடிவரை சந்தனம் பூசி, மறுநாள் பழையபடி நட்டுவிட்டார். முனையில் ஈரம் போய்வரும் நுண்துளைகள் அடைத்துக்கொண்டன. முள் நகரவில்லை. ஈரம் இருக்கிறது என்றே காட்டியது. ஐந்து நாள் வெயிலில், பூவெடுத்த வெண்டை தலை தொங்கிவிட்டது.

"தண்ணி தொறந்து வுட்டுட்டுத்தான் வந்தேன். இனிமே எவ்ளோ வுடறதுன்னு தெரியல. எங்க வூட்டுக்காரரு பேனாவ எடுத்துக்கினு நிக்கறாரு. அந்த ஆபீசருக்கு எழுது தம்பி" என்றார், பிடுங்கி வந்த மீட்டரை என் மேஜைமேல் வைத்தபடி.

நான் சாமர்த்தியமாக, 'கருவி பழுது, வேறு அனுப்பவும்' என்று தட்டினேன். உள்ளதைச் சொன்னால் சிரிப்பார்கள், மீட்டரையும் திருப்பிக் கேட்பார்கள் என்று எனக்குப் பயம். அக்கா படித்துக்காட்டச் சொன்னார்.

"சந்தனம் பூசினது எங்க கீது?"

"அது வேண்டாம்க்கா. நம்மளை ஒருமாதிரி நினைப்பாங்க."

"நெனச்சா நெனக்கட்டும். எதனால கெட்டுதுன்னு சொல்லாட்டி அவரு எப்டி வழி சொல்லுவாரு? நான்தான் பூசினேன்னு எழுது."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அழித்துவிட்டு அவர் சொன்னபடியே எழுதினேன். வெப்கேமரா முன்னால் அவர் முனையைத் தூக்கிப் பிடிக்க, படமும் எடுத்து அனுப்பினேன்.

மறுநாளே பதில் வந்தது. மெல்லிய உப்புத்தாளால் முனையைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊற வைத்து, குழாய்க்குள் திரும்பத் தண்ணீர் நிரப்பி நட வேண்டும். அக்கா என் கடை வாசற்படியிலேயே உட்கார்ந்து தேய்த்தார். மூன்றாம் நாள் முள் அசைந்தது. அதன்பின் காலையும் மாலையும் அதைப் பார்த்தே தண்ணீர் விட்டார். கால்வாசிச் செடி போய்விட்டது. மீதி காய்த்தது. மழை வரும்வரை கிணறும் தாக்குப்பிடித்தது. கணவர் வெண்டை மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனதை நானே பார்த்தேன். பேனாவைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

கடையை மூடிவிட்டு நான் வேறு வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். அடுக்குமாடிகளுக்கு நடுவே வெண்டை பூத்திருந்தது. இப்போது மண்ணின் ஈரம் அவர் செல்போனுக்கே வந்துவிடுகிறது. புதுக் கருவியோடு வந்த தமிழ்க் குறிப்புத்தாளை நீட்டி, நான்காவது வரியைப் படிக்கச் சொன்னார். 'பூஜைக்காகக் கருவியைப் பிடுங்கக் கூடாது. முனையில் சந்தனமோ எண்ணெயோ பூசக் கூடாது.'

"அது நான் எழுதச் சொன்னது" என்றார் அக்கா.

பழைய மீட்டர் பம்பு செட் சுவரில் தொங்கியது. முள்ளுக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். முனையை மட்டும் தொடவில்லை.