கறுப்புக் கை

போன வாரம் கடலூர் கோர்ட்டில் என் அக்காவுக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள். பிறழ் சாட்சி!

அக்கா சிதம்பரத்தில் டீச்சர். பொய் சொல்கிற பிள்ளைகளை முட்டி போட வைக்கிறவள். அவளுக்குப் போய் இந்தப் பட்டம்.

சங்கதி போன வருடம் ஆரம்பித்தது. திருப்பாதிரிப்புலியூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து வந்திருக்கிறாள். கரன்ட் கட் நேரம். பின்னாலிருந்து ஒருத்தன் கழுத்தில் கை வைத்தான். தாலிச் செயின் போயிற்று. அந்தப் பக்கம் வந்த ஆட்டோ வெளிச்சத்தில் அவள் பார்த்தது அவன் கையைத்தான். விரலெல்லாம் கறுத்து, திட்டுத் திட்டாகத் தோல் உரிந்த கை. முகம்? "பார்த்தேன்" என்றாள். பார்த்திருப்பாள்... ஒரு நொடி.

சொல்லுங்கள், இன்று காலை உங்களுக்கு டிக்கெட் கொடுத்த கண்டக்டருக்கு மீசை இருந்ததா? இத்தனைக்கும் அவர் உங்கள் கழுத்தில் கை வைக்கவில்லை.

போலீஸ் முருகவேல் என்பவரைப் பிடித்தது. காடாம்புலியூர்க்காரர். அன்று சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் நின்றிருந்தாராம். செயின் கிடைக்கவில்லை. வேறு சாட்சியும் கிடையாது. என் அக்காவின் கண் மட்டும்தான்.

ஜெயிலில் அடையாள அணிவகுப்பு. வரிசையாக ஆட்களை நிறுத்தி, யார் என்று காட்டச் சொன்னார்கள். அக்கா முகங்களைப் பார்த்துக் குழம்பினாள். அப்புறம் கைகளைப் பார்த்தாள். ஒரே ஒருவர் கைதான் கறுத்திருந்தது.

"இவன்தான்!"

வெளியே காத்திருந்த இன்ஸ்பெக்டருக்கு ஏக சந்தோஷம். "சபாஷ் மேடம்! சாட்சின்னா இப்படி இருக்கணும்."

முருகவேலுக்கு ஜாமீன் கொடுக்க ஆள் இல்லை. உள்ளேயே கிடந்தார்.

வழக்கு விசாரணைக்கு வரும் சமயத்தில், கூட வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக் கல்யாணம். அதுவும் காடாம்புலியூரில். அக்கா பந்தியில் உட்கார்ந்தாள். சாதம் போட்ட கை கறுப்பு. அப்பளம் வைத்த கையிலும் அதே திட்டு.

அக்கா உற்றுப் பார்ப்பதைக் கண்டு, சாம்பார் வாளியோடு நின்ற பெண் கூசிப்போனார்.

"அழுக்கு இல்லம்மா. நல்லா கழுவிட்டுத்தான் வந்தேன். முந்திரி ஒடைக்கற கை... கொட்டை எண்ணெ பட்டா வெந்து கறுத்துடும். இங்க ஜாஸ்தி பேருக்கு இப்படித்தான். நீங்க சாப்புடுங்க."

அக்கா இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. "ஜெயில்ல சொன்னதையே கோர்ட்லயும் சொல்லிட்டு வாயேன். நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் மாமா, அக்காவின் வீட்டுக்காரர்.

"நான் கையத்தாங்க பார்த்தேன். அந்தாளு இல்லன்னா? அவரு பதிலா நீங்க போயி உள்ள இருப்பீங்களா?"

மாமா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

கோர்ட்டுக்கு நான்தான் துணைக்குப் போனேன். "இவருதான்னு என்னால சொல்ல முடியாதுங்கய்யா. கையப் பாத்துதான் காட்டுனேன்" என்றாள். அரசு வக்கீல் எகிறினார். "யாரும்மா உங்கள மிரட்டுனது?" யாரும் இல்லை என்றாள். அதை அங்கே ஒருவரும் நம்பவில்லை. முதலில் சொன்னதை மாற்றிப் பேசுகிற பிறழ் சாட்சி என்று பட்டம் கொடுத்து அனுப்பினார்கள்.

நேற்று தீர்ப்பு. முருகவேல் விடுதலை. வாசலில் அக்காவைப் பார்த்ததும் கும்பிட்டார். அவர் மனைவி கும்பிடவில்லை.

"இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா டீச்சரம்மா?"

நான் முருகவேலின் கூப்பிய கைகளைப் பார்த்தேன். இத்தனை மாதம் முந்திரியே தொடாத கைகள். ஒரு கறுப்பு இல்லை... வெளுத்துக் கிடந்தன. அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிதம்பரம் வரும் வரை பஸ்ஸில் அழுதாள். திருடியது அவரேதானோ என்னவோ — அதுவும் அவளுக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

தெரியாமலே கை நீட்டிய அன்று சபாஷ். தெரியாது என்று சொன்ன அன்று பிறழ் சாட்சி. நல்ல அகராதி, போங்கள்!