இருபது வட்டங்கள்

சசிரேகாவுக்கு அன்று காலையிலிருந்தே கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் இருபது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவள், அன்று காம்பும் முத்தல் இலையுமாகக் கிள்ளிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். நீட் தேர்வின் சரியான விடைகள் அன்றுதான் வெளியாகியிருந்தன. வீட்டில் மகள் இந்துமதி போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாள்.

தேர்வுக்குக் கிளம்பிய மகளிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒண்ணையும் வெறுசா விட்டுட்டு வந்துராத, எல்லாத்தையும் ரொப்பிடு" என்று ஊட்டி பஸ் கிளம்பும் வரை சொன்னாள். அது எடைக் கொட்டகையில் படித்த பாடம். ஈரத்துக்கு, முத்தலுக்கு என்று அங்கே சாக்குக்கு இரண்டு கிலோ கண்ணை மூடிக்கொண்டு கழிப்பார்கள். நல்ல கொழுந்தாகவே போட்டாலும் அதே இரண்டு கிலோதான். பிறகு யாருக்கு வேண்டும் நேர்மை? கிடைத்ததைப் போட்டு நிரப்ப வேண்டியதுதான்.

தேர்வில் கணக்கு வேறு என்று, கூடப் பறிக்கும் மாலதி போன வாரம்தான் சொன்னாள். அவள் மகளுக்குப் போன வருஷம் 440 மார்க்கில் மெடிக்கல் சீட் கிடைத்திருந்தது.

"சரியா இருந்தா நாலு மார்க்கு, தப்பா இருந்தா ஒண்ணு கொறைப்பாங்க. எழுதாம விட்டா கூட்டறதும் இல்ல, கொறைக்கறதும் இல்லக்கா."

அன்றிலிருந்து சசிரேகாவுக்குச் சோறு இறங்கவில்லை. நூற்றெண்பது கேள்வியில் தெரியாத இருபதுக்கும் இந்து, அம்மா சொன்னபடியே, குருட்டாம்போக்கில் வட்டங்களைக் கறுப்பாக்கிவிட்டு வந்திருந்தாள்.

மதிய எடை முடிந்ததும் லைன் வீட்டுக்கு ஓடினாள்.

"எவ்வளவுடி?"

"நானூத்தி முப்பத்தஞ்சு."

"அந்த இருபதுல?"

"நாலு சரி, பதினாறு தப்பு. பதினாறு வந்துச்சு, பதினாறு போச்சு. உன்னால ஒண்ணும் கெடல, போ." முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, இந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

சசிரேகாவுக்கு உயிர் வந்தது. ஆனால் எடைச் சீட்டையே தன் கண்ணால் பார்க்காமல் நம்பாதவள் அவள். கேள்வித்தாள் பாயில் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் அந்த இருபது எண்களையும் தனியாக எழுதி, பக்கத்தில் டிக்கும் இன்ட்டுமாகப் போட்டிருந்தாள் இந்து. டிக் இரண்டுதான். மறுபடி எண்ணினாள். இரண்டேதான். எட்டு வந்து பதினெட்டுப் போனால் பத்து நஷ்டம். தொடாமல் விட்டிருந்தால் 445.

இந்து குடத்தோடு உள்ளே வந்தாள். அம்மாவின் கையில் கேள்வித்தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"தப்புக்கு ஒண்ணு கொறைப்பாங்கன்னு உனக்குத் தெரியாதாடி?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி ரொப்புன?"

இந்து குடத்தை இறக்கி வைத்தாள்.

"கடைசி அஞ்சு நிமிஷம்மா. படிச்சது ஒண்ணும் ஞாபகம் வரல. உன் குரல் மட்டுந்தான் கேட்டுச்சு."