தாய்மாமன் வந்தால் ஹேங் ஆகும் கம்ப்யூட்டர்

போன சனிக்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெரியம்மா போன். குரல் கம்மியிருந்தது.

"ஏட்டி, ஒங்க பெரியப்பா என் தம்பிய வீட்டுப் பக்கமே வரக்கூடாதுங்காரு."

சொத்துத் தகராறா? வரப்புச் சண்டையா? பதறிப்போய், "என்னாச்சு பெரியம்மா?" என்றேன்.

"அவன் வந்தா கம்ப்யூட்டர் நின்னுபோகுதாம்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் பெரியம்மா சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். பெரியப்பாவின் மகள் மதி அக்காவுக்கு ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொந்த ஊர் ஆலங்குளம். இப்போது குடும்பமே பூனாவில். நேரில் வருவதற்கு முன்னால் இரண்டு குடும்பமும் வீடியோ காலில் ஒரு தடவை பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மறுநாள், ஞாயிறு காலை, நல்ல நேரத்தில். இடம் — பெரியப்பாவின் பழைய டெஸ்க்டாப் முன்னால்.

தாய்மாமன் இல்லாமல் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசுவதா? எங்கள் பக்கத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். "என் தம்பி ஒக்காராத எடத்துல நானும் ஒக்கார மாட்டேன்" என்று பெரியம்மா. "அவன் ஒக்காந்தா பாதிப் பேச்சுல மாப்பிள்ளை மூஞ்சி கோணிக்கிட்டு நிக்கும், சகுனத்தடை" என்று பெரியப்பா. நடுவில் மதி அக்காவிடமிருந்து எனக்கு ஒரு வாட்ஸ்அப்: 'எப்படியாவது சரிபண்ணு. எனக்கு இந்தப் பையனைப் பிடிச்சிருக்கு.'

நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் எலெக்ட்ரானிக்ஸ் மெயின்டனன்ஸ் பார்ப்பவள். லிஸ்ட் போடாமல் பல்கூடத் துலக்க மாட்டேன் என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும். டூல் கிட்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

பெரியப்பா வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரையும் படைப்பிரிவு மாதிரிதான் நடத்துவார். யாரும் தொடக்கூடாது. காலையில் அவர்தான் ஆன் செய்வார், ராத்திரி அவர்தான் ஆஃப் செய்வார். நான் போய்ச் சேர்ந்தபோது அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டர் தலையில் கறுப்புக் கயிற்றில் ஒரு படிகாரக் கட்டி தொங்கியது. திருஷ்டிக்கு.

"ஏன் பெரியப்பா, செல்போன்ல பேசிட்டா என்ன?"

"சம்பந்தம் பேசுறது என்ன, கேஸ் சிலிண்டர் புக் பண்ணுறதா? குடும்பமே வரிசையா ஒக்காந்து, மொகம் பாத்துப் பேசணும் தாயி."

"சரி. எப்பல்லாம் நிக்குது?"

"அவன் வரும்போதெல்லாம்."

"வேற எப்பவும் நிக்காதா?"

"நிக்காது. நாள்பூரா ஓடும். அவன் மகாராஜபுரத்துல இருந்து வந்து, இங்கன ஒக்காந்து, தண்ணி குடிச்சி, 'என்ன மச்சான் சேதி'ன்னு கேப்பான். செத்த நேரத்துல தொங்கிரும். மவுசு அசையாது, ஒண்ணும் அசையாது. அம்புட்டுத்தான்."

நான் வாய் திறப்பதற்குள் அடுத்த ஆதாரத்தையும் எடுத்துப் போட்டார். "போன வாரம் அவன் வரவேயில்ல. ஒங்க பெரியம்மா கூட போன்ல பேசுனான். அதுக்கே நின்னுபோச்சு! போன்ல வார கண்ணுக்கு எந்த எலுமிச்சம்பழம் தாங்கும்?"

பெரியம்மா அடுப்படியில் டம்ளரை நங்கென்று வைத்தார். அதுதான் பதில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் பழுதிலேயே மோசமானது இந்தத் 'திடீர் நிற்றல்'தான். சுத்தமாகச் செத்துப்போன மெஷினைச் சரிசெய்துவிடலாம். எப்போதாவது நிற்கும் மெஷின், மெக்கானிக்கைக் கண்டதும் நல்ல பிள்ளையாகிவிடும். நான் தரையில் உட்கார்ந்து லிஸ்ட் போட்டேன். சூடு, ராம், பவர் சப்ளை, ஹார்டு டிஸ்க், வைரஸ்.

முதலில் சூடு. வெப்பநிலை காட்டும் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். ஜம்மென்று குளுகுளுவென இருந்தது. லிஸ்டில் சூட்டை அடித்துவிட்டேன். அப்புறம் மெஷினை அணைத்து, ராமைக் கழற்றி, தங்கநிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். திரும்ப அவரே ஆன் செய்தார்; என்னை அடுப்படிக்கு அனுப்பி, காபி குடித்துவிட்டு வரச் சொன்னார். "ஸ்டார்ட் பண்ணுறதுல ஒரு பக்குவம் இருக்கு தாயி." வந்து ராமுக்கு டெஸ்ட் ஓட்டினேன். பாஸ். பவர் சப்ளையை மல்டிமீட்டரில் அளந்தேன். கச்சிதம். ஹார்டு டிஸ்க் ஆரோக்கியம். வைரஸும் இல்லை. ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டேன். நிற்கவில்லை.

என் உடம்பில் வேர்வை ஆறாக ஓடியதுதான் மிச்சம். வீட்டுப் பிள்ளை பாருங்கள்… எனக்கு யாரும் காற்று வீசுவதில்லை.

லிஸ்டில் எல்லாவற்றையும் அடித்தாயிற்று. மிச்சம் இருப்பது யார்? மாமா மட்டும்தான்.

"பெரியப்பா, சந்தேகப்பட்ட எல்லாத்தையும் பாத்தாச்சு. மாமாவையும் வச்சுப் பாத்துரணும்."

"வேண்டாம் தாயி. வெளையாடாத."

"டெஸ்ட்டுதான் பெரியப்பா."

மதியச் சாப்பாட்டுக்கு மாமா வந்து சேர்ந்தார். பெயர் முத்துவேல். பெரியம்மாவுக்குத் தம்பி, மகாராஜபுரத்தில் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும். ஆறடி உயரம், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு சாக்கு நிறையத் தேங்காய். வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்று நின்றுவிட்டார்.

"நான் இங்கனயே நிக்கேன் தாயி. எங்க மச்சான் மெஷினுக்கு ஏதும் ஆச்சுன்னா அந்தப் பழியும் எனக்கு எதுக்கு?"

"தம்பி, உள்ள வா. நீ வந்தா நின்னுபோற மெஷின் இந்த வீட்டுல எதுக்கு? அது போனாப் போகட்டும்" என்று பெரியம்மா.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, தூங்கும் குழந்தையைத் தாண்டுவது மாதிரி அடிமேல் அடி வைத்து வந்தார். கம்ப்யூட்டர் பக்கம் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பெரியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாமா வாயே திறக்கவில்லை. பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு மானிட்டரையே பார்த்தார். நான் சிபியு பக்கத்தில் தரையில்.

வீடியோ ஓடியது. ஓடியது… ஓடியது…

நின்றது!

மவுசை ஆட்டினேன். அசையவில்லை. கீபோர்டைத் தட்டினேன். ம்ஹூம்.

"பாத்தியா! பாத்தியா!" பெரியப்பா எழுந்தே விட்டார். "இன்னைக்கு வாயக்கூட தொறக்கல. சும்மா ஒக்காந்ததுக்கே!"

மாமா முகம் சுருங்கிப்போனது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் வாரேன் அக்கா. கல்யாணத்தன்னைக்கும் மண்டபத்துல பின்னால ஒரு ஓரமா நின்னுக்கிடுதேன். மதி நல்லா இருந்தாச் சரி."

மதி அக்கா அறைக் கதவருகே நின்றிருந்தாள். கண் கலங்கிவிட்டது. "மாமா இல்லாம நான் ஒக்காரல. காலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன். நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவள், ஒரு நொடி மாமாவின் கண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன்.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். மாமாவின் துண்டு படபடவென்று பறந்துகொண்டிருந்தது.

காற்று எங்கிருந்து?

கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில், ஸ்டூலின்மேல் ஒரு டேபிள் ஃபேன். காலையிலிருந்து அது மேஜைப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் முழங்காலுக்கும், கீழே அவர் எப்போதும் பக்க மூடியைக் கழற்றியே வைத்திருக்கும் சிபியுவுக்கும் சேர்த்துக் காற்று. இப்போது அது மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. விருந்தாளி வந்தால் நாம் முதலில் என்ன செய்வோம்? தண்ணீர் கொடுப்போம். ஃபேனை அவர் பக்கம் திருப்புவோம். பெரியம்மாவின் கை தன்னால் செய்யும் வேலை அது. அவர் திருப்பியதை நாங்கள் யாருமே பார்க்கவில்லை. அவரே பார்த்திருக்க மாட்டார்.

சிபியுவுக்குள் விரலை வைத்தேன். "ஆ!" தோசைக்கல்.

"பெரியம்மா, போன வாரம் மாமாகிட்ட போன்ல பேசுனீங்களே, அப்ப இந்த ஃபேன் ஓடுச்சா?"

"எங்கிட்டு? அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுன்னு அமத்திட்டில்லா பேசுனேன்."

போன் கேஸும் முடிந்தது!

டேபிள் ஃபேனைச் சிபியு பக்கம் திருப்பி, கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, முதல்முறையாக நானே ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. உள்ளே இருக்கும் ஃபேன் சுற்றவில்லை, தொடர வேண்டுமானால் எஃப் ஒன் பட்டனை அழுத்து என்று.

"பெரியப்பா, இது என்ன?"

"அதா? அது தெனம் வரும். எஃப் ஒன் அமுத்துனா உள்ள விட்டுரும். கேட்ல செக்கிங் மாதிரி."

"எத்தன நாளா?"

"போன ஆயுத பூஜைக்குப் பொறவு இருக்கும்."

டார்ச் அடித்துப் பார்த்தேன். சிபியு ஃபேனின் நடுவில் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். வழிந்து காய்ந்த சந்தனம் இறக்கையைச் சட்டத்தோடு சேர்த்துச் சிமென்ட் போட்டிருந்தது. இடுக்கில் ஒரு செவ்வந்தி இதழ் வேறு. காலையில் நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். பக்தி என்று நினைத்துக்கொண்டேன். மெஷினை அணைத்துவிட்டுப் பார்த்தால் எந்த ஃபேனும் நின்றுகொண்டுதானே இருக்கும்?

"உள்ள ஏன் பெரியப்பா பொட்டு வச்சீங்க?"

"துப்பாக்கிக்கு ஒறைக்கு மேலயா வைப்பாங்க? வேலை செய்யுற பாகத்துலதான வைக்கணும்!"

ஈர பட்ஸ், சின்ன பிரஷ், ஒரு சொட்டு எண்ணெய். சந்தனம் கரைந்து இதழ் வெளியே வந்ததும் ஃபேன் சுற்றியது. அதன் அடியில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவினேன். டேபிள் ஃபேனை மாமா பக்கமே திருப்பி வைத்தோம். சாயங்காலம் வரை ஓடியது. நிற்கவில்லை.

பெரியப்பா அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்ளே, நாளைக்கு நீ நடுவுல ஒக்காரு" என்றார். ராணுவ மன்னிப்பு அவ்வளவுதான்.

மாமா விடவில்லை. "கண்ணு பட்டுரப் போகுது மச்சான்."

"ஏலே, ஒக்காருன்னா ஒக்காரு."

யோசித்துப் பார்த்தால், பெரியப்பா சேகரித்த தகவல் ஒன்றுகூடத் தப்பில்லை. மாமா வந்தால் கம்ப்யூட்டர் நிற்கும் என்பது நூற்றுக்கு நூறு உண்மை. தீர்ப்புதான் கோளாறு. ஒருத்தர் வந்ததும் வீட்டில் என்னவோ கெட்டுப்போகிறது என்கிறோம். அவர் வந்ததும் நாம் எதை எந்தப் பக்கம் திருப்பினோம் என்று யார் பார்க்கிறோம்?

ஞாயிறு காலை. மாமா நடுவில், மடிப்புக் கலையாத வேட்டியில். மதி அக்கா பக்கத்தில். பூனாவில் மாப்பிள்ளை நல்ல கலகலப்பு. மாமாவிடம் தேங்காய் விலை விசாரித்தார். மாமா அந்த நொடியே கவிழ்ந்துவிட்டார். எல்லாம் அமோகமாகப் போய்க்கொண்டிருந்தபோது… திரை நின்றது. மாப்பிள்ளை வாய் திறந்தபடி உறைந்துவிட்டார்.

எல்லாத் தலையும் மாமா பக்கம் திரும்பியது. மாமா கையைத் தூக்கிவிட்டார்.

நான் மவுசை ஆட்டினேன். அசைந்தது. சூடு பார்த்தேன். இல்லை. எங்கள் மெஷின் கல்லுக்குண்டு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பழுது அந்தப் பக்கம். சிக்னலாக இருக்கும் என்று நான் சொல்வதற்குள் பெரியப்பா போனை எடுத்து மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அடித்துவிட்டார். எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"சம்பந்தி, இப்ப அங்கன ஒங்க மச்சினன் வந்துருக்காரா?"

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். பெரியப்பா எங்களைப் பார்த்துக் கம்பீரமாகத் தலையாட்டிவிட்டு, போனில் உத்தரவு போட்டார்.

"ஒண்ணும் பயப்படாதிய. ஃபேனை மட்டும் திருப்பச் சொல்லுங்க."

திருப்பினார்களா, இல்லை சிக்னல்தான் வந்ததா… தெரியாது. ஆனால் படம் வந்துவிட்டது, சம்பந்தமும் முடிவாகிவிட்டது. என் டூல் கிட்டுக்கு இனி அந்த வீட்டில் வேலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்த மெஷின் நின்றாலும் பெரியப்பாவே பார்த்துக்கொள்கிறார்!