கடற்கரையில் தோண்டிய ஊற்று

கட்டட வேலைக்கு வந்த மணலில் இன்று தண்ணீர் தெளித்தேன். அந்த ஈர வாசனையில் பாண்டிச்சேரிக் கடற்கரை ஞாபகம் வந்தது. இப்போது அந்த இடத்தில் பாறாங்கல்தான் கிடக்கிறது. சின்ன வயதில் நான் போனபோது கால் புதையும் மணல்.

எங்களோடு லாரியில் வந்த ஊர்சனம் லைட் ஹவுஸ், சிலை, குதிரை சவாரி என்று பார்க்கப் போய்விட்டது. தங்கச்சி தண்ணி தண்ணி என்று அழ, அம்மா எங்கள் மணலூர்பேட்டை ஆற்றில் தோண்டுவதுபோலவே கையால் ஊற்றுத் தோண்டி, ஊறியதை நாக்கில் வைத்துத் துப்பி, அலையை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடியும் தோண்டிக்கொண்டே இருந்தாள்.

சுண்டல் விற்றவள் சிரித்தாள். “இன்னாம்மா, கடலையே காலி பண்ணப் போறியா? எதிர்த்த வூட்ல கேளேன்.”

“வாணாங்க. கேட்டா கையிலதான் ஊத்துவாங்க.”

எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் எங்களுக்கு அப்படித்தான். சொம்பைத் தரமாட்டார்கள்.

சுண்டல்காரி சிரிப்பதை நிறுத்தினாள். கூடையிலிருந்த தன் சொம்பை எடுத்து நீட்டினாள்.

அம்மா கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து வாங்கினாள். தங்கச்சி குடித்து முடித்ததும் அம்மா கேட்டாள்: “நானும் வாய் வச்சிக் குடிக்கலாங்களா?”