மில்லுக்காரர் காதுக்கு ஒரு ஹாரன்

போன வாரம் மருமகன் தன் புதுக் காருக்கு ஒரு ஜோடி ஹாரன் வாங்கி வந்தார். போர்ட்டிகோவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, செல்போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டே, எனக்குக் கொடுத்த காபி ஆறுவதற்குள் மாட்டி முடித்துவிட்டார். “கம்பெனியில குடுத்தது சத்தமே இல்ல மாமா” என்றார். கடைசியாக ஒயர் நுனியில் லைட்டரைக் காட்டினார். கருகிய வாசனை வந்தது. அந்த வாசனை வந்தால் நான் இன்னும் எழுந்து தள்ளிப் போய்விடுவேன். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

அறுபதுகளின் கடைசி அது. வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டுக்காரர்கள் மெட்ராசோடு போய்விடுவதென்று முடிவு செய்தபோது, அவர்கள் கொட்டகையில் நின்ற கறுப்புக் காரை அண்ணன் வாங்கினார். கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து காரைக்குடிக்கும் குன்றக்குடிக்கும் வாடகை ஓட்டினார். பின் சீட்டில் முகத்தை வைத்தால் அந்த வீட்டு ஆச்சிமார்களின் ஜவ்வாது வாசனை லேசாக அடிக்கும். வண்டியில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வருடக்கணக்கில் சும்மா நின்றதில் ஹாரன் மட்டும் துருப்பிடித்துப்போய், அழுத்தினால் ஆட்டுக்குட்டி மாதிரி ‘மே’ என்றது. சவாரி வருகிறவர்கள் சிரிப்பார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அண்ணிதான் அதிகம் சிரிப்பார். “புல்லு போட்டு ஓட்டுங்க” என்பார் அண்ணனிடம்.

ஐப்பசியில் நல்ல மழை. அண்ணிக்கு அது தலைப்பிரசவம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வலி எடுத்தது. பார்க்க வந்த மருத்துவச்சி கையைத் துடைத்துக்கொண்டே, “பிள்ளை குறுக்க கெடக்கு. காரக்குடிக்குத் தூக்கிட்டுப் போயிருங்க” என்றார். பின் சீட்டில் அம்மா மடியில் அண்ணி. முன்னால் அண்ணனும் நானும்.

அப்போது அந்த ரோடு ஒரு வண்டி போகிற அகலத்துக்குத்தான் தார் போட்டது. எதிரே வண்டி வந்தால் ஒருவர் மண்ணில் இறங்கவேண்டும். மழைக்கு இரண்டு பக்கமும் சேறு. பாதி வழியில் எங்களுக்கு முன்னால் ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து அரிசி மில் முதலாளியின் ஜீப். மில்லுக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவரே ஓட்டுவார். யாருக்கும் வழி விடமாட்டார் என்பது அவருடைய பெருமைகளில் ஒன்று.

அண்ணன் ஹாரனை அழுத்தினார். ‘மே’ என்றது. மறுபடியும் அழுத்தினார். மில்லுக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் பார்த்தேன் அவர் பார்த்ததை. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். பிறகு வலது கையை வெளியே நீட்டி, விரல்களைக் குவித்து, பொறு பொறு என்று காட்டினார். நான் தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். மழை இரைச்சலில் என் குரலும் ஆட்டுக்குட்டி மாதிரிதான் போயிருக்கும். அவர் வெற்றிலையைத் துப்பிக்கொண்டு, வயல்களைப் பார்த்துக்கொண்டு, ஊர்வலம் போகிறவர் மாதிரி போனார். பின்னால் அண்ணியின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. காரைக்குடி எல்லையில்தான் அவர் வேறு ரோட்டில் திரும்பினார், எங்களுக்கு வழி கிடைத்தது.

பிள்ளை அழவில்லை. ஆண் பிள்ளை. டாக்டரம்மா, “கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்த அண்ணி எங்கள் முன்னால் அழவே இல்லை. ஒருநாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

“தம்பி, நீங்க வயர்மேனுக்குத்தான படிச்சிருக்கீக?”

“ஆமா அண்ணி.”

“அந்த ஹாரனைக் கழட்டி எறிங்க. வேற மாட்டுங்க. அந்தாளு காது கிழியணும்.”

நான் அப்போதுதான் படிப்பை முடித்துக் காரைக்குடியில் ஒரு ரேடியோ கடையில் சேர்ந்திருந்தேன். சர்டிபிகேட் இருந்ததே தவிர, கார் பானெட்டைத் திறந்து பார்த்தது கிடையாது. தெரியாது என்று சொல்லக்கூடிய முகமாக அன்று அண்ணியின் முகம் இல்லை. மதுரையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு லாரி ஹாரனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது இருபத்துநாலு வோல்ட்டுக்கானது, எங்கள் பேட்டரி பன்னிரண்டு. மாட்டி அழுத்தினால் சளி பிடித்தவர் தொண்டையைச் செருமுவதுபோல் செருமியது. அண்ணன் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மறுபடி மதுரை. இந்த முறை காருக்கே உரிய ஜோடி ஹாரன், ஒன்று கீச்சுக்குரல், ஒன்று கட்டைக்குரல்.

அதை நான் மாட்டிய லட்சணத்தைக் கேளுங்கள். பழைய ஹாரனுக்குப் போன மெல்லிய ஒயரிலேயே இரண்டையும் இணைத்துவிட்டேன். அண்ணன் அழுத்தினார். ஒரு முழக்கம். அடுத்த நொடி ஸ்டியரிங் அடியிலிருந்து புகை. ஒயர் உறை உருகி அவர் வேட்டியில் சொட்டியது. அந்த வாசனைதான் இது. பிறகு ரேடியோ கடை முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு முறையாகச் செய்தேன். பேட்டரியிலிருந்து கனமான ஒயர், நடுவில் பியூஸ், ஒரு ரிலே. பட்டனுக்குப் போகும் மெல்லிய ஒயர் ரிலேயைத் தட்டி எழுப்பும், ரிலே கனத்த ஒயரைத் திறந்துவிடும். கொல்லன் பட்டறையில் இரும்புப் பட்டை வளைத்து வாங்கி, தண்ணீர் புகாமல் வாயைக் கீழ்ப்பார்க்க வைத்து முடுக்கினேன். ஹாரன் முதுகில் ஒரு திருகு இருக்கும், சத்தத்தைக் கூட்ட. நான் அதைத் திருக, அண்ணி நிலைப்படியில் நின்று, “பத்தாது” என்றார். திருகினேன். “பத்தாது.” கடைசியில் ஒரு முறை அடித்தபோது தொழுவத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. “ம்” என்றார். பழைய ஹாரனை எடுத்துப்போய்த் தன் கையாலேயே குப்பைக்குழியில் போட்டார்.

அதன்பிறகு மில்லுக்காரர் ஜீப் எங்கே தெரிந்தாலும் அண்ணன் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு ஹாரனை அழுத்துவார். சவாரி இருந்தாலும் சரிதான். மில் வாசலில், ரயில்வே கேட்டில், சந்தைப் பாதையில். முதலில் அவர் முறைத்தார். பிறகு சத்தம் கேட்டதும் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை ஆட்டினார். பிறகு ஒதுங்கத் தொடங்கினார். மில்லுக்காரரே வழி விடுகிறார் என்று டீக்கடைகளில் பேச்சு. எனக்கு அது வெல்லப்பாகாக இனித்தது, மறைக்கவில்லை.

அண்ணிக்கு மட்டும் இனிக்கவில்லை. “எதுக்குன்னு தெரியாமயே ஒதுங்குறாரு. தெரியணும்ல?” என்றார்.

தைப்பூசத்தன்று குன்றக்குடிக்குப் போனோம். அண்ணி முன் சீட்டில் உட்கார்ந்தார். ஊர் நெருங்குகிற இடத்தில், வாய்க்கால் ஓரமாக அந்த ஜீப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் போய் ஒட்டி ஹாரனை அழுத்தினார். ஜீப் துள்ளியது. மில்லுக்காரர் பதறி ஒடித்ததில் முன் சக்கரம் வாய்க்கால் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. அடிபடவில்லை. பட்டு வேட்டியோடு முழங்கால் சேற்றில் இறங்கி, “எவன்டா அவன்!” என்று வந்தார். காவடிக் கூட்டம் நின்று பார்த்தது.

அண்ணி கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

“ஐப்பசி மழையில இந்தக் காரு ஒங்களுக்குப் பின்னால ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்துச்சே, கேட்டீகளா இல்லையா?”

“என்னைக்கு?”

“கையக் காட்டுனீகளே. பொறு பொறுன்னு.”

அவருக்கு நினைவு வந்தது. முகத்தில் தெரிந்தது.

“உள்ளுக்குள்ள நான் கெடந்தேன். எம்பிள்ள வயித்துலயே செத்துப்போச்சு. கேட்டுச்சா இல்லையா, சொல்லுங்க.”

அவர் தன் சேற்றுக் கால்களைப் பார்த்தார். “கேட்டுச்சு ஆத்தா” என்றார். “வாடகக் காருதானேன்னு இருந்துட்டேன்.”

மன்னிப்புக் கேட்பார், அண்ணி அழுவார் என்று நான் நினைத்தேன். அண்ணி திரும்பி வந்து, அண்ணன் மேல் குறுக்கே சாய்ந்து, ஹாரன் பட்டனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எடுக்கவில்லை. மில்லுக்காரர் காதைப் பொத்தவில்லை. சேற்றில் நின்றபடி அத்தனையையும் கேட்டார். சத்தம் கம்மி, தேய்ந்து, பழைய பேட்டரி ஓய்ந்து தானாக நின்றபிறகுதான் அண்ணி கையை எடுத்தார். காவடி தூக்கி வந்தவர்கள்தான் எங்கள் காரைத் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். ஜீப்பை அவர்கள் தொடவில்லை.

மில்லுக்காரர் செத்தபோது ஊரே போனது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அதற்காக நான் இதுவரை வருந்தியதில்லை, இனியும் வருந்தப்போவதில்லை. அவர் மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ரோட்டை அகலமாக்கி நடுவில் அரளிச்செடி வைத்திருக்கிறார்கள். யாரும் யாருக்கும் வழி விட வேண்டியதில்லை. கறுப்புக் காரை எழுபதுகளிலேயே காயலான் கடைக்காரர் இழுத்துப் போனார். அண்ணி வயிற்றில் பிறகு ஒன்றும் தங்கவில்லை. அண்ணன் போய், அடுத்த வருடமே அண்ணியும் போனார்.

ஆண் பிள்ளை என்றால் வைப்பதற்கு அண்ணி மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார் என்று அண்ணன் ஒருமுறை சொன்னார். என்ன பெயர் என்று அப்போது கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.