யோவ் பூட்ஸ்

சந்தாபுராவில் நடுரோட்டில் என் பிக்கப்பின் கிளச் சிலிண்டர் போய்விட்டது. வந்த மெக்கானிக் அத்தனை பெரிய தொப்பையோடு வண்டிக்கடியில் புகுந்ததே அதிசயம். புது சிலிண்டரை மாட்டிவிட்டு, குழாயில் நின்ற காற்றை எடுக்க என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார்.

“இன்னா சார், பூனை மிதிக்கற மாதிரி! எறங்கு.”

நான் இறங்கவும் டிராபிக் போலீஸ்காரர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அடியிலிருந்து குரல் வந்தது: “யோவ் பூட்ஸ், நீ ஏறி மிதி!”

போலீஸ்காரர் என்னை முறைத்தார். பிறகு ஏனோ ஏறி மிதித்தார்.

“அமுக்கு... புடி... விடு!”

பத்துத் தடவைக்குப் பிறகு, “ஆய்த்தா?” என்று கன்னடத்தில் அவரே பணிவாகக் கேட்டார். கிளச் பிடித்தது.

அவர் போனதும், “போலீஸ்னு தெரியலையா?” என்றேன்.

“அந்த பூட்ஸ் தெரியாதா சார்? கால் பெடல்ல இருந்தா கை கேஸ் புக்குக்குப் போகாது.”

அதன்பின் பலமுறை நடுரோட்டில் நின்றாயிற்று. அப்படிக் கூப்பிட மட்டும் எனக்கு வாய் வரவில்லை.