வளரக் கூடாத பாதம்

பெற்ற பிள்ளை வளர்ந்துவிடக் கூடாதே என்று பயந்த தாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தொண்ணூற்று எட்டாம் ஆண்டு முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன். காலையில் ஆயர் குரோவுக்குப் போகும் ஃபேக்டரி பஸ் வருவதற்குள், தூங்குகிற மகளின் உள்ளங்காலோடு அவள் காலணியை ஒட்டிவைத்து அளப்பேன். கட்டைவிரலைத் தாண்டி என் சுண்டுவிரல் அகலத்துக்காவது இடம் மிச்சமிருந்தால் அன்றைக்கு எனக்கு மூச்சு வரும்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்தவள். இரண்டு கால்களும் விறைத்து, கத்தரிக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சக்கர நாற்காலிக்குப் பழக்கிவிடுங்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மலாக்காவில் டுரியான் துங்கால் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டப் போகிறவர்களின் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை ஒன்று வெறுமனே பூட்டிக் கிடந்தது. ஜப்பானிலிருந்து உதவி செய்யும் நிறுவனம் ஒன்று அதைத் திறந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணை அனுப்பியது. வாரத்தில் இரண்டு நாள் வருவார். மலாய் நன்றாகப் பேசுவார். தமிழில் மூன்றே சொல்: மடக்கு, நீட்டு, மெதுவா. பிள்ளைகள் அவரை அக்கா என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

இரும்புக் கம்பி வைத்த காலணியை அவர் அளவெடுத்துத் தன் ஊரிலிருந்து வரவழைத்தார். கால் வளர வளர புது ஜோடி வரும். அதைப் போட்டுக்கொண்டு, மூங்கில் கம்பைப் பிடித்தபடி, இரண்டே வருஷத்தில் என் மகள் பதினோரு அடி நடந்தாள். பதினோராவது அடியில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிறகுதான் ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது. எங்கள் ஃபேக்டரியில் முதலில் ஓவர்டைம் நின்றது. அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் நோட்டீஸ் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். பெயர் இருந்தால் திங்கட்கிழமை வரவேண்டாம். லீவு எடுத்தவள் பெயர்தான் முதலில் வரும் என்று பேச்சு. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடிப் பார்ப்பேன். ஆனால் ஆயாக்கொட்டகையைப் பற்றி நான் துளியும் பயப்படவில்லை. அது ஜப்பான்காரன் காசு, அதற்கு என்ன கேடு வரும் என்று இருந்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ஒருநாள் அக்கா ஏழு தாய்மார்களையும் உட்காரவைத்து மலாயில் சொன்னார். தங்கள் நாட்டிலும் வங்கிகள் மூடுகின்றன, உதவி செய்தவர்கள் கையைச் சுருக்கிக்கொண்டார்கள், இருக்கிற காசுக்கு மலாக்காவில் ஓரிடத்தைத்தான் நடத்த முடியும், எங்கள் கொட்டகை அல்லது தங்கா பத்துவில் அவர்கள் நடத்தும் இன்னோர் இடம். எதை வைத்துக்கொள்வது என்று பார்க்க மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வருவார்கள். எது எப்படி இருக்கிறதோ அப்படியே காட்டுங்கள் என்றார். இதை இரண்டு தடவை சொன்னார்.

நாங்கள் நேராகக் கோயில் தலைவரிடம் போனோம்.

"வெளிநாட்டுலேர்ந்து வர்றாங்க. தமிழவங்க பிச்சைக்காரங்கன்னு நெனச்சிட்டுப் போகக் கூடாதுலா," என்றார் அவர்.

முதலில் தலையாட்டியது நான்தான். மறுநாளே சுண்ணாம்பு அடித்தோம். கூரை ஒழுகும் இடத்தில் வெள்ளை வேட்டிகளைத் தைத்து, கல்யாணப் பந்தல்போல மேலே கட்டினோம். கிழிந்த பாய்களைச் சுருட்டி லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, கோயில் கம்பளத்தை விரித்தோம். வாசலில் தோரணம், வருகிறவர்களுக்கு மாலை, வாழை இலையில் சாப்பாடு. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மனைவியிடம் கெஞ்சி ஒரு சங்கிலி வாங்கி மகள் கழுத்தில் போட்டேன். முகத்துக்குப் பவுடர், தீபாவளிப் பட்டுப்பாவாடை. தேய்ந்த காலணி தெரியாதபடி பாவாடையை இழுத்துவிட்டு, இப்படியே உட்காரணும், காலைக் காட்டக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன்.

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். மாலையைக் கழற்றாமலேயே சாப்பிட்டார்கள். சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெண் என் மகளின் சங்கிலியைத் தொட்டு ஏதோ பாராட்டினார். கடைசியில், உங்களுக்கு என்ன கஷ்டம் இருக்கிறது என்று அக்கா மூலமாகக் கேட்டார்கள். பக்கத்தில் நின்றது நான். சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டால் நாம் என்ன சொல்வோமோ, அதுவே வாயில் வந்தது.

"ஒரு குறையும் இல்லீங்க. நல்லா இருக்கோம்."

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் மொழிபெயர்த்தார். அன்றைக்கு மழை பெய்யவில்லை. அதற்காக நான் மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அக்கா எங்களுக்குப் படித்துச் சொன்னார். இந்த மக்கள் ஒற்றுமையானவர்கள், ஓரளவு வசதியும் உள்ளவர்கள், இந்த இடத்தைத் தாங்களே நடத்திக்கொள்வார்கள், ஆகவே காசு தங்கா பத்துவுக்கே. கூரையைப் பற்றியும் எங்கள் சம்பளத்தைப் பற்றியும் தான் எழுதியிருந்ததாகவும், வந்தவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார்கள் என்றும் சொன்னார். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. எங்கள் பிள்ளைகளைத் தங்கா பத்துப் பட்டியலின் கடைசியில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வாரம் இரண்டு நாள் லீவு எடுத்து யார் போவது? அடுத்த வெள்ளிக்கிழமையே பட்டியலில் பெயர் வந்துவிடும்.

போவதற்கு முந்தின நாள் அக்கா என் கைகளைப் பிடித்து, எப்படி நீட்டுவது, எவ்வளவு அழுத்துவது என்று பழக்கினார். நாள் தவறினால் நரம்பு இழுத்துக்கொள்ளும், காலணி சின்னதாகிவிட்டால் போடவே கூடாது என்றார். அப்புறம் தினமும் வேலை முடிந்து வந்ததும் நான் அந்தக் காலை எடுத்து மடியில் வைப்பேன். ஒடித்துவிடுவேனோ என்று பயம். பயந்து லேசாகப் பிடித்தால், இன்றைக்குப் போதவில்லையோ என்று அதைவிடப் பயம். நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளையைப் பார்த்துக்கூடப் பயந்தேன்.

தீபாவளிக்கு முன்பே கட்டைவிரல் காலணியின் தோலை முட்டிவிட்டது. போடாமல் விட்டால் கால் பின்னிக்கொள்கிறது. வேறு வழி தெரியாமல் என் வீட்டுக்காரர் பால் வெட்டும் கத்தியால் காலணியின் முனையை அறுத்தார். விரல்கள் வெளியே எட்டிப் பார்த்தன. குதிகாலில் கொப்புளம் கட்டியது. பதினோரு அடி ஏழானது, நாலானது. கம்பைக் கண்டாலே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோயில் தலைவர்தான் சமூகநல இலாகாவுக்கு மனு எழுதினார். அன்றைய பேச்சு அவருக்கும் உறுத்தியிருக்கும். ஓர் ஆபீசர் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. இந்தத் தடவை நான் உஷார். வேலை போனால் போகட்டும் என்று லீவு எடுத்தேன். வீட்டைக் கூட்டவில்லை. பாத்திரம் கழுவவில்லை. கிழிந்த பாயை நடு வீட்டில் விரித்தேன். இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால், மகள் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். தவழ்ந்து போய்ப் பெட்டியிலிருந்து பட்டுப்பாவாடையை எடுத்துத் தானே உடுத்தியிருக்கிறாள். முகமெல்லாம் திட்டுத்திட்டாகப் பவுடர். காலை நான் சொல்லிக்கொடுத்தபடியே பாவாடைக்குள் மறைத்து வைத்திருந்தாள். வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்டது.

ஈரத் துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தேன். அவசரத்தில் அழுத்தித்தான் துடைத்தேன்.

"ஆபீசர் மாமா வர்றாங்கம்மா. அழகா இருக்க வேணாமா?"

வேண்டாம் என்றேன். பாவாடையை விலக்கி, அறுத்த காலணியோடு பாதத்தை முன்னால் இழுத்துவைத்தேன். அவள் உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை, கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். ஆபீசர் உள்ளே வந்து குனிந்து அந்த விரல்களைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள்.

இரண்டு மாதத்தில் இலாகாவிலிருந்து புதுக் காலணி வந்தது. நானே மாட்டிவிட்டேன். முனையில் இரண்டு விரல் அளவு இடம் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவள், நடப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டாள்.

"இனிமே யாராச்சும் வந்தா பவுடர் போட்டுக்கலாமாம்மா?"